சர்க்கரை நோய்த் தடுப்பு: வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தினால் யாராவது கேட்பார்களா?

ஹாரோ_வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

வடமேற்கு லண்டனில் எங்கள் பகுதியில் தமிழர், குஜராத்தியர், சோமாலியர், ருமேனியர் என்று பல சமூகத்தினர் அக்கம்பக்கமாக வாழ்கிறோம். நாங்கள் சில தன்னார்வலர்கள் சேர்ந்து, நீரிழிவு வராமல் தடுப்பது பற்றி இணையவழியில் ஏதாவது செய்யலாம் என்று பேசி வருகிறோம். சின்ன நிதி ஒன்றும் கிடைத்திருக்கிறது. யூடியூப் காணொளிகள், வாரம் ஒரு ஜூம் வகுப்பு, வாட்ஸ்அப்பில் தினம் ஒரு குறிப்பு என்பது இப்போதைய திட்டம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு முறை தயாரித்து, பிறகு நான்கு மொழியில் மாற்றினால் வேலை முடிந்தது என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

இங்கே தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வரை அதிகம். என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) 2016 முதல் ஒரு தடுப்புத் திட்டம் நடத்துகிறது. ஒன்பது மாதம், குறைந்தது 13 அமர்வுகள், நேரில் வர முடியாதவர்கள் செயலி வழியாகவும் சேரலாம். ஆனால் எங்கள் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் கேட்டுப் பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. இருப்பதைக் கொண்டு சேர்ப்பதா, புதிதாக எங்கள் பாடத்தை நடத்துவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி

வாசி, காசைச் செலவழிக்கும் முன் இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். இரண்டிலும் சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவுக்குப் பங்கு உண்டு.

முதலாவது 2013இல் வெளியானது. தென்கிழக்கு இந்தியாவில் வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்ததில் எல்லோருக்குமே சர்க்கரை வரம்போரம் நின்றது. தொடக்கத்தில் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை சொன்னார்கள். அதற்குப் பிறகு பாதிப்பேருக்கு மட்டும் எஸ்எம்எஸ் தொடர்ந்து போனது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எஸ்எம்எஸ் வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு, வராதவர்களில் 27 சதவீதம். அடேயப்பா, ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இவ்வளவு சக்தியா என்று எல்லோரும் அசந்து போனார்கள்.

அப்புறம் அதே யோசனையை இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக 2,062 பேரிடம் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். முடிவு 2020இல் வந்தது. குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆக, சின்ன ஆய்வில் ஜொலித்தது பெரிய ஆய்வில் மங்கிவிட்டது. முதல் ஆய்வை எல்லா மேடையிலும் காட்டுகிறார்கள், இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தினம் ஒரு குறிப்பு அனுப்புவதால் அனுப்புபவருக்குத் திருப்தி வரும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

அடையாறு_அக்கா

கணக்குப்புலி சொன்ன எண்கள் சரி. முடிவை மட்டும் கொஞ்சம் அவசரமாகக் கட்டிவிட்டீர்கள் தம்பி. இரண்டாவது ஆய்வில் ஆட்களை எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாவதில் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை. இந்த இரண்டு சோதனையும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. இரண்டிலும் சிக்குபவர்கள் சிலர், ஒன்றில் மட்டும் சிக்குபவர்கள் பலர். அதனால் 'எஸ்எம்எஸ் உதவாது' என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எஸ்எம்எஸ் மட்டுமே போதும் என்று நம்பிவிடவும் முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நான் சென்னையில் உணவு ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பவள். எங்கள் ஊரில் நடந்த இன்னொரு ஆய்வை இங்கே சேர்க்கிறேன். டி-கிளிப் என்று பெயர். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 578 பேர். குழுவாக உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முடிவு வெளியானது 2016இல். அந்த வகுப்பில் 'மாவுச்சத்தைக் குறையுங்கள்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவதில்லை. வாரா வாரம் எடை பார்ப்பார்கள், போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள், அடுத்த வாரமும் கேட்பார்கள். ஜூமில் நடத்தினாலும் இந்தத் திரும்பக் கேட்பது இருந்தால் வகுப்பு. இல்லாவிட்டால் அது தொலைக்காட்சி நிகழ்ச்சிதான்.

இன்னொன்று, உணவைப் பற்றிச் சொல்லும்போது சமையலறைக்குள் போய்ச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களிடம் 'தட்டில் பாதி காய்கறி' என்றால் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் ஒரு மலை சோறு, ஓரமாக ரெண்டு கரண்டி பொரியல். அது உருளைக்கிழங்குப் பொரியலாகவும் இருக்கும், காய் சாப்பிட்டாயிற்று என்று கணக்கு எழுதிவிடுவார்கள். நான் செய்வது இதுதான். வீட்டில் அரிசி அளக்கும் டம்ளர் எது, எத்தனை பேருக்கு எத்தனை டம்ளர் போடுகிறீர்கள் என்று கேட்பேன். அந்த டம்ளரில் கால் பங்கைக் குறைக்கச் சொல்வேன். குறைத்த இடத்தை நிரப்பக் கொண்டைக்கடலை, சுண்டல், முட்டை, மீன், கீரை. சோற்றைத் தொடாதே என்றால் மறுநாளே வகுப்புக்கு வரமாட்டார்கள்.

பூநகரி

நான் லண்டனில் ஒரு ஜிபி (குடும்ப வைத்தியர்) சிகிச்சை நிலையத்தில் தாதியாக வேலை செய்கிறேன். ஊர் யாழ்ப்பாணப் பக்கம். வாசி அண்ணை, உங்கள் குழுவில் மொழிமாற்றம் போதும் என்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

ஆங்கிலப் பிரசுரத்தில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 25க்குக் கீழ் என்றால் நல்லது, 30க்கு மேல் என்றால் ஆபத்து என்று இருக்கும். அது வெள்ளையருக்கான கணக்கு. தெற்காசியர், சீனர், கறுப்பினத்தவர் ஆகியோருக்கு 23இலேயே கவனம் தேவை, 27.5 என்றாலே ஆபத்து அதிகம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013இலேயே சொல்லிவிட்டது. அப்படியானால் உங்கள் ருமேனிய அயலவருக்கு 25, 30. தமிழருக்கும் குஜராத்தியருக்கும் சோமாலியருக்கும் 23, 27.5. ஒரே பிரசுரத்தை நாலு மொழியில் மாற்றினால் நாலில் மூன்று சமூகத்துக்குப் பிழையான இலக்கம் போய்ச் சேரும். 24 பிஎம்ஐ உள்ள ஒரு தமிழர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நிம்மதியாகப் படுப்பார்.

வயதும் அப்படித்தான். என்.எச்.எஸ். இலவச உடல்நலச் சோதனை 40இலிருந்து 74 வயது வரை. ஆனால் எங்கள் சனத்துக்கு 25 வயதிலிருந்தே நீரிழிவு ஆபத்தைக் கணித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நைஸின் பரிந்துரை. முப்பது வயதுப் பெடியன் தானாகக் கேட்டால் ஒழிய யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

எச்பிஏ1சி 42க்கும் 47க்கும் இடையில் என்றால் (ஊரில் சொல்லும் கணக்கில் 6.0 முதல் 6.4 சதவீதம்) நீரிழிவுக்கு முந்தைய நிலை. இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, அதையும் சொல்லுங்கள். 'காலமை சாப்பிடாமல் வர ஏலாது' என்று வேலைக்குப் போகிறவர்கள் பலர் தட்டிக் கழிக்கிறார்கள். முடிவு வந்ததும் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி போகும், 'இந்த இணைப்பை அழுத்திப் பதிவு செய்யுங்கள்' என்று. அம்மாமார் அதை மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் தெரியாத இணைப்பை அழுத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், அதுவும் நல்ல புத்திதானே.

கர்ப்ப காலத்தில் நீரிழிவு வந்த பெண்களை விட்டுவிடாதீர்கள். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும், எல்லாம் முடிந்தது என்று மறந்து போவார்கள். பிற்காலத்தில் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிகவும் கூட. வருடா வருடம் சோதிக்க வேண்டும். கைக்குழந்தையோடு வகுப்புக்கு வர ஏலாத இவர்களுக்குத்தான் இணையவழி நிஜமாகவே உதவும்.

மூலிகை_மணி

நண்பர்களே எதற்கு இத்தனை ஆராய்ச்சி? ஒரு கஷாயம் இருக்கிறது. ஒரு மண்டலம் குடித்தால் சர்க்கரை அடியோடு போய்விடும், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம். என் குழுவில் சேர இணைப்பு [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. பெயர் முடக்கப்பட்டுள்ளது. மற்றவர்கள் தொடரவும்.

கணக்குப்புலி

வாசி, பார்த்தீர்களா? உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் முதல் வாரமே இவர் வருவார். ஒன்பது மாதப் பாடத்தைவிட ஒரு மண்டலக் கஷாயம்தான் வேகமாகப் பரவும்.

தேக்கா_ரவி

வருவார், உறுதியாக வருவார். அதனால் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி வைத்துவிட்டு, கேள்விகளைத் தனியாக அனுப்பச் சொல்வது ஒரு வழி. ஆனால் அப்படிச் செய்தால் குழு செத்துவிடும். எங்கள் குடியிருப்பில் செய்து பார்த்திருக்கிறார்கள், யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பேச விட்டு, பொய் வந்தால் உடனே பதில் சொல்ல ஆள் வைப்பது மேல்.

சிங்கப்பூர் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். இங்கே 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. 2017 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அதைப் பற்றி நீளமாகப் பேசினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று அவர் சொன்னபோது எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லோரும் என் மாமனாரைத்தான் பார்த்தார்கள்.

நான்கு மொழிப் பிரசுரம், செயலி எல்லாம் உண்டு. ஹெல்த்தி 365 செயலியில் நடக்கும் அடிகளை எண்ணிப் புள்ளிகள் தருவார்கள், புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றலாம். என் மாமியார் பற்றுச்சீட்டுக்காகவே புளோக்கைச் சுற்றி நடக்கிறார். ஆனால் நிஜமாகக் கை கொடுத்தது பானங்களின் மேல் ஒட்டிய ஏ, பி, சி, டி தர முத்திரை என்று நினைக்கிறேன். 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கு, அடுத்த வருடம் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும். டி தரம் வாங்கிய பானத்துக்கு விளம்பரமே செய்யக் கூடாது. விளைவு, கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன. பொட்டலப் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017இல் 7.1 சதவீதமாக இருந்தது, 2023இல் 4.6. யாருக்கும் எந்த வகுப்பும் எடுக்காமல் நடந்தது இது.

கடையில் சொல்லும் வார்த்தையைச் சொல்லிக் கொடுங்கள், அதுவும் பெரிய கல்விதான். 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும். கலோரி பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட இதைப் பிடித்துக்கொள்வார்.

பெட்ரோல்_பங்க்_பெடியன்

வயது 26, கிழக்கு லண்டன். பகலில் படிப்பு, இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை. நான் கேட்கப் போவது இதுதான்: உங்கள் ஜூம் வகுப்பு எத்தனை மணிக்கு? மாலை 7 மணி என்றால் என்னைப் போன்றவன் அப்போது வேலைக்குக் கிளம்புவான். என்னோடு வேலை செய்யும் தமிழ், பங்களாதேஷ் பெடியன்கள் எல்லோரும் இதே நிலைதான். இரவு 2 மணிக்கு எங்களுக்குக் கிடைப்பது சிப்ஸும் எனர்ஜி பானமும். காலையில் வீட்டுக்குப் போய் ஒரு தட்டுச் சோறு, உடனே தூக்கம். அப்பாவுக்கு 38 வயதிலேயே சுகர். எனக்கு வரும் என்று தெரியும். 'காலையில் பூங்காவில் நடங்கள்' என்கிற காணொளியைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

பூநகரி

தம்பி, உன்ரை ஜிபியிடம் அப்பாவின் விபரத்தைச் சொல்லி எச்பிஏ1சி எடுத்துத் தரச் சொல்லிக் கேள். 26 வயது, தெற்காசியர், அப்பாவுக்கு இருக்கிறது, இது போதும் கேட்பதற்கு. எனர்ஜி பானத்தைச் சீனி இல்லாததாக மாற்றுவது இண்டைக்கே செய்யக்கூடியது. சாப்பிட்ட உடனே படுக்காமல் பத்து நிமிடம் நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனி குறையும். பூங்கா தேவையில்லை, பஸ் தரிப்பிடம் வரை போய் வந்தால் சரி.

நிஸா_மட்டுநகர்

எனக்கும் நேரம் பற்றித்தான் சொல்ல வேண்டும், வேறு விதத்தில். நான் மட்டக்களப்பு, இப்போது லெஸ்டரில் இருக்கிறேன். எங்கள் பள்ளிவாசலில் சோமாலியர், குஜராத்தி முஸ்லிம்கள், நாங்கள் எல்லோரும் வருகிறோம். மற்ற மாதங்களில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் யாருக்கும் அக்கறை இல்லை. ரமழானுக்கு முந்திய வாரங்களில் எல்லோரும் தாங்களாகவே கேட்பார்கள். சஹருக்கு (விடியலுக்கு முந்திய சாப்பாடு) என்ன சாப்பிட்டால் பசி தாங்கும், நோன்பு திறக்கும்போது எத்தனை பேரீச்சம்பழம், மாத்திரை எப்போது என்று. செனகலில் 2014இல் இதைச் சரியாகப் பிடித்தார்கள். உலக சுகாதார அமைப்பின் ஆதரவோடு நீரிழிவு பற்றிய எஸ்எம்எஸ் திட்டத்தை ரமழானை ஒட்டியே தொடங்கினார்கள். கேட்கிற நேரத்தில் சொன்னால்தான் காதில் ஏறும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் நோன்புக்கு முன் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும், இன்சுலின் போடுகிறவர்கள் விஷயம் வாட்ஸ்அப்பில் தீர்க்கக் கூடியது இல்லை.

அப்புறம், சோமாலிய வீடுகளில் சோறு மட்டும் இல்லை, பாஸ்தாவும் அன்றாட உணவு. இத்தாலியர் ஆண்ட காலத்திலிருந்து வந்த பழக்கம். தேநீர் நன்றாக இனிக்கும். பெரியவர்கள் பலர் எழுதியதைப் படிப்பதைவிடக் குரல்பதிவைத்தான் கேட்பார்கள். அங்கே தமிழரின் இடியப்பக் கணக்கை மொழிபெயர்த்து அனுப்பி என்ன பயன்? அந்தச் சமூகத்துப் பெண் ஒருத்தி தன் குரலில், தன் அடுப்பங்கரையில் நின்று சொல்ல வேண்டும்.

கணக்குப்புலி

நிஸா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'நம்ம ஆள் நம்ம மொழியில் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதையும் பரிசோதித்திருக்கிறார்கள். கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், 1,007 பேர். உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்துக் குழுக்களை நடத்த வைத்தார்கள். அருமையான ஏற்பாடு. இரண்டு வருடத்தில் நீரிழிவு வந்தவர்கள் குழு நடந்த பக்கம் 14.9 சதவீதம், நடக்காத பக்கம் 17.1. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம். 2018இல் வெளியானது. பழம், காய் சாப்பிடுவது போன்ற சில பழக்கங்கள் மேம்பட்டன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 2002இல் வந்த பெரிய ஆய்வில் 58 சதவீதம் குறைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஆளுக்கு ஒரு பயிற்றுநர் வைத்து, எடையில் 7 சதவீதம் குறை, வாரம் 150 நிமிடம் நட என்று விடாமல் பின்னால் நின்று வாங்கிய முடிவு. அதைக் காட்டி நிதி வாங்கிவிட்டு யூடியூபில் இரண்டு நிமிடப் படம் போடுவது எந்த ஊர் நியாயம்?

அடையாறு_அக்கா

அதுதான் நானும் சொல்வது! அந்த அமெரிக்க ஆய்விலும் கிட்டத்தட்ட பாதிப்பேர் சிறுபான்மைச் சமூகத்தினர். எல்லாச் சமூகத்துக்கும் பலன் கிடைத்தது. ஆக, வேலை செய்வது எது என்று நமக்குத் தெரியும், பின்னால் நிற்கும் ஆள். இணையம் அந்த ஆளைத் தூரத்திலிருந்து கொண்டு வரப் பயன்பட வேண்டும். ஆளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காணொளியை வைத்தால் நீங்கள் சொல்லும் கதைதான் நடக்கும்.

வாசி குழுவிடம் ஒன்பது மாதம் பின்னால் நிற்க ஆளும் காசும் கிடையாது. அங்கே என்.எச்.எஸ்.ஸிடம் இருக்கிறது. இங்கிலாந்துத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களை அனுப்பப்படாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நீரிழிவு வருவது சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2023இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அமெரிக்க எண்ணைப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் நாடு முழுக்க நடப்பது. புதிதாகப் பாடம் எழுதுவதைவிட, ஆட்களை அந்த வாசல் வரை கொண்டுபோய் விடுவது உங்களுக்கு லாபம்.

இந்தியாவில் அந்த வாசல் கிடையாது, அதுதான் வருத்தம். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, முந்தைய நிலையில் 13.6 கோடி. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறது, நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் வந்துவிட்டவர்களுக்கு. வரப்போகிறவர்களுக்கு என்று உட்கார்ந்து பேச யாருக்கு நேரம்?

ஒரு சின்ன உதவி. டாக்டர் வி. மோகன் குழு உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் இருக்கிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு உண்டா, நான்கே கேள்வி. 60ம் அதற்கு மேலும் என்றால் ரத்தச் சோதனை அவசியம். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே மதிப்பெண் ஏறத் தொடங்கும். தையல் நாடா இல்லாத தமிழ் வீடு ஏது? ஜூமில் எல்லோரையும் நாடாவைக் கொண்டு வரச் சொல்லுங்கள். கேமராவை அணைத்துக்கொண்டு அளக்கட்டும், இல்லாவிட்டால் பாதிப்பேர் வெளியேறிவிடுவார்கள்.

ஹாரோ_வாசி

எல்லோருக்கும் நன்றி. குழுவோடு பேசிவிட்டு வந்தேன், கொஞ்சம் சண்டையும் போட்டோம்.

தினம் ஒரு குறிப்பைக் கைவிட்டோம். ஒரே பிரசுரம் நான்கு மொழி என்பதும் போய்விட்டது. பூநகரி சொன்ன 23, 25 கணக்கைக் காட்டியதும் அந்த வாதம் அங்கேயே முடிந்தது. முதல் இரண்டு மாதம் ஒரே ஒரு வேலை: தையல் நாடா, சில கேள்வி, ஜிபியிடம் எச்பிஏ1சி கேட்பது எப்படி, அந்த ஆங்கிலக் குறுஞ்செய்தி உண்மையானது என்று எப்படி அறிவது. இதை ஒவ்வொரு சமூகத்திலும் ஒருவர் தன் குரலில் பதிவு செய்வார். முடிவு 42 முதல் 47 வரை வந்தவர்களை எங்களில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, என்.எச்.எஸ். திட்டத்தில் பதிவு செய்யும்வரை கூடவே இருப்பார். இரவு வேலைக்காரர்களுக்காக ஜூம் மதியம் 3 மணிக்கு ஒன்று வைக்கிறோம், தம்பி, நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள். சமையல் காணொளிகள் பிறகு, காசு மிச்சம் இருந்தால்.

கணக்குப்புலி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எண்ணப் போவதில்லை. எத்தனை பேர் சோதனை எடுத்தார்கள், எத்தனை பேர் திட்டத்தில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள் என்று மட்டும் எழுதி வைக்கிறோம். சமூகவாரியாகத் தனித்தனியாக.

கணக்குப்புலி

இடையில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். அட்டவணையை நான் போட்டுத் தருகிறேன்.

நிஸா_மட்டுநகர்

முஸ்லிம் பெண்களுக்கான தமிழ்க் குரல்பதிவு நான் தருகிறேன். சோமாலிப் பதிவுக்கு எங்கள் பள்ளிவாசலில் ஒரு அக்காவைக் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் யாராவது மருத்துவம் தெரிந்தவர் முதலில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், என் பேச்சால் ஒருவர் மாத்திரையை மாற்றிவிடக் கூடாது.

பூநகரி

எழுதியதை எனக்கு அனுப்புங்கோ நிஸா. எங்கள் நிலையத்தில் நீரிழிவுத் தாதி இருக்கிறா, அவவிடமும் காட்டுகிறேன். வாசி அண்ணை, மதியம் 3 மணி என்றால் எனக்கும் வசதி, வியாழன் மட்டும் வேண்டாம், அன்று முழுநாள் கடமை.